உபுண்டுவில் பைத்தான் பொதிகளை எதைக் கொண்டு நிறுவுவது? ஆப்ட், வென்வ், யுவி, காண்டா: ஓர் ஒப்பீடு

உபுண்டு 24.04-ஐப் புதிதாக நிறுவிய ஒருவர், முனையத்தைத் திறந்து, பைத்தானின் பொதி நிறுவியான பிப் கொண்டு, எண் கணக்கீட்டுக்கான நம்பை என்ற பொதியை (பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்பை) நிறுவ முயல்கிறார். பழைய கணினியில் சிக்கலின்றி ஓடிய அதே கட்டளைக்கு, இப்போது ‘எக்ஸ்டெர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்’ என்று தொடங்கும் நீண்ட செய்தி பதிலாக வருகிறது. அந்தச் செய்தியே ஆப்ட் (இயங்குதளத்தின் சொந்தப் பொதி மேலாளர்), மெய்நிகர் சூழல் (ஒரு திட்டத்துக்கு மட்டுமான தனிப் பொதிக் கோப்புறை; வென்வ் உருவாக்குவது), பிப்எக்ஸ் என மூன்று வழிகளைச் சொல்கிறது. கடைசி வரிகளில் ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்ற, தடையை மீறும் நான்காவது வழியையும் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. தெரிந்தவர்களிடம் கேட்டால் ஒருவர் காண்டா என்கிறார், இன்னொருவர் யுவி என்கிறார், மூத்தவர் ஒருவர் பைஎன்வ் போதுமே என்கிறார். என்னிடம் உதவி கேட்பவர்களில் பலருக்குப் பிழையைவிட இந்தப் பரிந்துரைகளே பெரிய குழப்பமாக இருக்கின்றன. ஆகவே இக்கட்டுரை, டெபியன், உபுண்டு வகை இயங்குதளங்களில் பைத்தான் கற்கவோ வேலை செய்யவோ தொடங்குபவர் எந்தப் பொதி மேலாளரைப் பிடித்துக்கொள்வது என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

## அந்தச் செய்தி ஏன் வருகிறது

உபுண்டுவுடன் வரும் பைத்தான் நமக்காக வைக்கப்பட்டது அல்ல. இயங்குதளத்தின் பல கருவிகள் பைத்தானில் எழுதப்பட்டவை. அவை ஒரு குறிப்பிட்ட பதிப்பையும், ஆப்ட் வழியாக வந்த குறிப்பிட்ட பொதிகளையும் நம்பி ஓடுகின்றன. சூடோவுடன், அதாவது நிர்வாகி உரிமையுடன், பிப்பை இயக்கினால், அது கொண்டுவரும் பொதிகள் வேறொரு கோப்புறையில் அமர்ந்தாலும், பைத்தான் தேடும் வரிசையில் அந்தக் கோப்புறை ஆப்ட் வைத்தவற்றுக்கு முன்னால் நிற்கிறது. நீங்கள் உங்கள் பாடத்துக்காக நிறுவிய புதிய பதிப்பை இயங்குதளக் கருவியும் எடுத்துக்கொள்ளும். அது ஒத்துவராவிட்டால் கருவி விழும். எது எங்கிருந்து வந்தது என்ற கணக்கு ஆப்டிடமும் இருக்காது, பிப்பிடமும் முழுதாக இருக்காது.

இதைத் தடுக்கவே பெப் 668 என்னும் பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு வந்தது. இயங்குதளம் தன் பைத்தான் கோப்புறையில் ஒரு சிறிய அடையாளக் கோப்பை வைத்துவிட்டால், பிப் அங்கே எழுத மறுத்துவிடும். பயனருக்கு மட்டுமான ‘யூசர்’ நிறுவலும் மறுக்கப்படும். 2023 ஏப்ரலில் உபுண்டு 23.04-இலும், அதே ஆண்டு ஜூனில் டெபியன் 12-இலும் இது நடைமுறைக்கு வந்தது. நீண்டகால ஆதரவுப் பதிப்புகளிலேயே இருப்பவர்கள் 22.04-இலிருந்து 24.04-க்கு மாறியபோதுதான் இதை முதன்முதலாகச் சந்தித்தார்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லலாம். உபுண்டு 18.04-இல் பைத்தான் 3.6 இருந்தது. எனக்கு 3.8 தேவைப்பட்டதால் அதை நிறுவி, ‘பைத்தான்3’ என்ற பெயரையே புதியதற்கு மாற்றிவிட்டேன். மறுநாள் முனையம் திறக்கவில்லை. முனையத்தைத் திறக்கும் சிறு நிரலே பைத்தானில் எழுதப்பட்டிருந்ததும், அது நம்பிய ஒரு துணைப் பொதி 3.6-க்காகவே தொகுக்கப்பட்டிருந்ததும் பிறகுதான் தெரிந்தது. முனையம் இல்லாமல் முனையத்தைச் சரிசெய்யும் வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போயிற்று.

எனவே, எந்தக் கருவி வேகமானது, எது புதியது என்று பார்ப்பதற்கு முன் ‘இந்தப் பைத்தான் யாருடையது, இதற்குள் யார் எழுதலாம்’ என்று கேட்க வேண்டும். கீழே வரும் கருவிகள் எல்லாம் இந்தக் கேள்விக்குத் தரப்பட்ட வெவ்வேறு பதில்களே.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், இயங்குதளத்துக்குப் பாதுகாப்பு: நிறுவியது கெட்டாலும் கணினி கெடாமல் இருக்க வேண்டும். இரண்டாவது, பைத்தான் பதிப்பைத் தேர்ந்துகொள்ளும் வசதி. உபுண்டு 22.04 தருவது 3.10, 24.04 தருவது 3.12, டெபியன் 13 தருவது 3.13, உங்கள் பொதிக்கு இவற்றில் எதுவும் ஒத்துவராமல் போகலாம். மூன்றாவது, பைத்தான் அல்லாத பகுதிகள். பல பொதிகளுக்கு உள்ளே சி மொழியிலோ ஃபோர்ட்ரானிலோ எழுதப்பட்ட லைப்ரரிகள் இருக்கின்றன. அவற்றை யார் கொண்டுவருவது என்பதில்தான் தொடக்கநிலையாளர்களின் மிகுதியான நேரம் செலவாகிறது. நான்காவது, சூடோ உரிமை இல்லாத கல்லூரி ஆய்வகக் கணினியிலும் இயங்குமா என்பது. ஐந்தாவது, அதே சூழலை வேறொருவர் தம் கணினியில் திரும்பக் கட்டியெழுப்ப முடியுமா என்பது.

இந்த ஐந்துடன், வெளியே தெரியாத மூன்று செலவுகளையும் சேர்த்தே பார்க்கிறேன்: வட்டு இடமும் தரவுச் செலவும், இயங்குதளத்தை மேம்படுத்தும்போது எது உடையும் என்பது, உரிம விதிகள்.

## முதலில், கருவியை மாற்றினால் தீருமா?

பிழை வந்ததும் கருவியை மாற்றுவது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. பிப்பில் தோற்றது காண்டாவிலும், அங்கே தோற்றது யுவியிலும் முயலப்படுகிறது. கடைசியில் மூன்று பைத்தான்களும் ஒரே பழைய பிழையும் மிஞ்சுகின்றன. சில பிழைகளுக்கு மட்டுமே கருவி மாற்றம் மருந்து. கீழுள்ள அட்டவணையை முடிவெடுப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

| திரையில் தெரிவது | காரணம் | கருவி மாற்றம் உதவுமா? |
|---|---|---|
| ‘எக்ஸ்டெர்னலி மேனேஜ்ட்’ | இயங்குதளத்தின் பைத்தானுக்குள் எழுத பிப் முயல்கிறது | உதவும். வென்வ், யுவி, காண்டா எதுவானாலும் சரி |
| ‘நோ மேட்சிங் டிஸ்ட்ரிபியூஷன்’ | பெயரில் எழுத்துப்பிழை; அல்லது உங்கள் பைத்தான் பதிப்புக்குப் பொதி இன்னும் வெளியாகவில்லை | வேறு பைத்தான் பதிப்பைத் தரும் யுவியும் காண்டாவும் உதவும்; வென்வ் உதவாது |
| ‘டிஸ்ட்யுடில்ஸ்’ இல்லை, ‘இம்ப்இம்போர்ட்டர்’ இல்லை | பழைய பொதியை 3.12-இல் அல்லது அதற்குப் பிந்தையதில் கட்ட முயல்கிறது | பழைய பைத்தானைத் தரும் கருவி உதவும். பொதியின் பதிப்பை உயர்த்துவது அதைவிட மேல் |
| ‘ஃபெயில்டு பில்டிங் வீல்’, ‘பிஜி கான்ஃபிக்’ காணவில்லை | சி லைப்ரரியின் மேம்பாட்டுக் கோப்புகள் கணினியில் இல்லை | காண்டா பெரும்பாலும் உதவும். மற்றவை உதவா |
| ‘ரெசல்யூஷன் இம்பாசிபிள்’ | இரு பொதிகள் ஒன்றுக்கொன்று முரணான பதிப்புகளைக் கேட்கின்றன | உதவாது. பதிப்பு நிபந்தனையைத் தளர்த்த வேண்டும் |
| டிபிகேஜி (ஆப்டின் அடியில் இயங்கும் நிறுவி) பூட்டு கிடைக்கவில்லை | பின்னணியில் தானியங்கிப் புதுப்பிப்பு நடக்கிறது | உதவாது. சில நிமிடம் காத்திருந்தால் போதும் |
| சான்றிதழ்ச் சரிபார்ப்புப் பிழை | இடையில் நிறுவனத்தின் ப்ராக்ஸி (இணையப் போக்குவரத்தை இடைமறிக்கும் கணினி) நிற்கிறது | உதவாது. சில சமயம் சிக்கல் கூடும் |
| ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட்’ | வட்டு அல்லது தற்காலிகக் கோப்புறை நிறைந்துவிட்டது | உதவாது |

இவற்றுள் மூன்றைப் பற்றி ஒரு சொல். டிபிகேஜி பூட்டுக் கோப்பை அழித்துவிடும்படி சொல்லும் அறிவுரை பரவலாக உள்ளது. பாதியில் நிற்கும் புதுப்பிப்பின்மேல் இன்னொரு நிறுவலை ஏற்றினால், பூட்டைவிடப் பெரிய சிக்கல் வரும். இடம் இல்லை என்ற செய்தி, வட்டில் போதிய இடம் இருக்கும்போதே வரக்கூடும். டெபியன் 13-இல் தற்காலிகக் கோப்புறை இயல்பாகவே நினைவகத்தில் அமைகிறது. பெரிய பொதிகளை அங்கே விரிக்க முயலும்போது அது நிரம்பிவிடும், ஆகவே தற்காலிக இடத்தை வட்டுக்கு மாற்றிக் கொடுத்தால் சரியாகும்.

‘டிஸ்ட்யுடில்ஸ்’ பற்றியது சற்று விரிவாகச் சொல்ல வேண்டியது. 2023 அக்டோபரில் வெளியான பைத்தான் 3.12, பல ஆண்டுகளாகப் பொதிகளைக் கட்டப் பயன்பட்ட டிஸ்ட்யுடில்ஸை முற்றிலும் நீக்கிவிட்டது. நம்பை 1.24 வரையிலான பதிப்புகள் 3.11-ஐத் தாண்டி வரவில்லை, 3.12-க்கு முதலில் வந்தது நம்பை 1.26. சில ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பாடத்திட்டத்தின் தேவைப் பட்டியலில் ‘நம்பை 1.24’ என்று உறுதியாகக் குறித்திருந்தால், உபுண்டு 24.04-இல் பிப் ஆயத்தப் பொதி கிடைக்காமல் மூலநிரலிலிருந்து கட்டத் தொடங்கி, நூறு வரிப் பிழையைக் கொட்டும். அந்த நூறு வரிகளில் நம்பையில் எந்தத் தவறும் இல்லை. இயந்திரக் கற்றலுக்கான டென்சர்ஃப்ளோவுக்கும் இதே கதைதான்: 3.12-க்கான ஆதரவு 2024 மார்ச்சில் வெளியான 2.16-இல்தான் வந்தது.

## ஆப்ட்

இயங்குதளத்தின் பைத்தானுக்குள் எழுத முழு உரிமை உள்ள ஒரே கருவி இது. ‘பைத்தான்3-நம்பை’ என்பது போன்ற பெயர்களில் ஆயிரக்கணக்கான பொதிகள் ஏற்கெனவே கட்டப்பட்டு, ஒன்றோடொன்று பொருந்துமாறு அமைக்கப்பட்டு வைக்கப்பட்டுள்ளன. கம்பைலர் (மூலநிரலைக் கணினி ஓட்டும் வடிவமாக்கும் நிரல்) வேண்டாம், சி லைப்ரரிகளைத் தேட வேண்டாம். சார்ந்திருப்பவை எல்லாம் தாமாக வந்துவிடும்.

செலவு, பதிப்புகளில் இருக்கிறது. உபுண்டுவின் ஒரு வெளியீட்டில் எந்தப் பதிப்பு சேர்ந்ததோ அதுவே அதன் ஆயுள் முழுதும் ஏறக்குறைய நிலைக்கும். பழையதும் கிடைக்காது, புதியதும் கிடைக்காது. இரு திட்டங்களுக்கு இரு பதிப்பு என்பதற்கே இடமில்லை. சூடோ கட்டாயம். சமூகம் பராமரிக்கும் ‘யுனிவர்ஸ்’ பிரிவிலிருந்து வரும் பொதிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை முறையாகப் பெற உபுண்டு ப்ரோ என்ற சேவையில் பதிய வேண்டும் என்பது பலர் கவனிக்காத ஒன்று. தனிநபருக்கு ஐந்து கணினிகள் வரை அது இலவசம்.

ஒரு சிறிய நிரல் எழுதி, அதே கணினியில் ஆண்டுக்கணக்கில் ஓட விடப்போகிறீர்கள் என்றால் ஆப்டே சிறந்தது. வீட்டில் ஓடும் ஒரு சிறு சர்வரில் தினமும் ஒருமுறை இயங்கி, கோப்புகளை நகலெடுத்து, அறிக்கை அனுப்பும் நிரலுக்கு மெய்நிகர் சூழல் வைத்துப் பராமரிப்பது வீண் வேலை. இடைமுக நிரலாக்கத்துக்கான ஜிடிகே இணைப்பு போல இயங்குதளத்தோடு பின்னிப் பிணைந்த பொதிகளுக்கும் இதுவே நேர்வழி.

## வென்வும் பிப்பும்

பைத்தான் 3.3 முதல், அதாவது 2012 முதல், மொழியின் அங்கமாகவே இருக்கும் வசதி இது. திட்டக் கோப்புறைக்குள் ஒரு மெய்நிகர் சூழலை உருவாக்கினால், இயங்குதளத்தின் பைத்தானையே அது கடனாக எடுத்துக்கொள்ளும். ஆனால் பொதிகளை எல்லாம் தனக்குள் மட்டும் வைத்துக்கொள்ளும். கெட்டுப்போனால் அந்தக் கோப்புறையை அழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். கணினிக்கு ஒன்றும் ஆகாது.

டெபியனிலும் உபுண்டுவிலும் ஒரு வழுக்கல் உண்டு. வென்வுக்குத் தேவையான ஒரு பகுதியை அவை தனியே பிரித்து வைத்திருக்கின்றன. ஆகவே முதல் முயற்சியிலேயே ‘என்ஷ்யூர்பிப் கிடைக்கவில்லை’ என்ற செய்தி வரும். ‘பைத்தான்3-வென்வ்’ பொதியை ஆப்ட் கொண்டு ஒருமுறை நிறுவினால் அது தீர்ந்துவிடும். பாதியில் நின்ற சூழலை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. பலர் அந்தக் குறைப்பிறவிச் சூழலையே இயக்கி, ‘பிப் இல்லை’ என்று மீண்டும் கேட்கிறார்கள்.

பைத்தான் பதிப்பைத் தேர்வது என்ற அளவுகோலில் வென்வ் தோற்கிறது. கணினியில் 3.12 இருந்தால் சூழலிலும் 3.12தான். அடுத்த குறை, சூழலுக்குள் முழுப் பாதைகள் எழுதப்பட்டுவிடுவது. திட்டக் கோப்புறையின் பெயரை மாற்றினாலோ வேறிடத்துக்கு நகர்த்தினாலோ, உள்ளிருக்கும் கட்டளைகள் ‘பேட் இன்டர்ப்ரிட்டர்’ என்று விழும். 22.04-இலிருந்து 24.04-க்கு மேம்படுத்தும்போதும் இப்படித்தான்: 3.10 போய் 3.12 வந்துவிடுவதால் எல்லாச் சூழல்களும் ஒரே நாளில் செயலிழக்கும். இது இழப்பே அல்ல, தேவைப் பட்டியல் கோப்பு ஒன்றை நீங்கள் எழுதி வைத்திருந்தால். எழுதி வைக்காதவருக்கு அன்று தலைவலிதான்.

சி லைப்ரரிகள் விஷயத்தில் நிலைமை முன்பைவிட எவ்வளவோ தேறியிருக்கிறது. ‘வீல்’ எனப்படும் ஆயத்தப் பொதி வடிவமும், பல லினக்ஸ் வகைகளிலும் ஓடும் வீல்களுக்காக 2016-இல் வந்த ‘மெனிலினக்ஸ்’ வரையறையும் சேர்ந்து, நம்பை, பாண்டாஸ் போன்றவற்றைக் கம்பைலர் இல்லாமலே நிறுவ வழிசெய்தன. எஞ்சுபவை சில. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கான சைக்கோபிஜி2 அவற்றுள் ஒன்று: நேரடியாக நிறுவ முயன்றால் ‘பிஜி கான்ஃபிக்’ வேண்டும் என்று நிற்கும், ‘லிப்பிக்யூ-டெவ்’, ‘பில்ட்-எசென்ஷியல்’, ‘பைத்தான்3-டெவ்’ மூன்றையும் ஆப்ட் கொண்டு நிறுவினால் நகரும். கற்கும் நிலையில் இருப்பவர் ‘பைனரி’ என்று பெயரில் முடியும் அதன் ஆயத்த வடிவத்தை எடுத்துக்கொண்டால் இவ்வளவும் வேண்டாம்.

வட்டு இடம் இன்னொரு மறைமுகச் செலவு. ஒவ்வொரு சூழலும் தனித் தனி நகல் வைத்துக்கொள்கிறது. சிறு பொதிகளுக்கு இது பொருட்டில்லை. ஆனால் லினக்ஸில் இயந்திரக் கற்றலுக்கான பைடார்ச்சை இயல்பான முறையில் நிறுவினால், உங்களிடம் என்விடியா அட்டை இருக்கிறதோ இல்லையோ, அந்த அட்டைக்கான கூடா லைப்ரரிகளும் சேர்ந்து பல ஜிகாபைட் இறங்கும். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்பி இருப்பவருக்கு ஒரு நாளின் தரவு அதிலேயே தீர்ந்துவிடும். சிபியுவுக்கு மட்டுமான தனிப் பொதித் தொகுதி இருக்கிறது. அதை முகவரியாகக் கொடுத்து நிறுவுவது மடிக்கணினியில் கற்பவருக்குப் போதும்.

கற்றுக்கொள்ளத் தொடங்கும் பெரும்பாலானவர்களுக்கு என் பரிந்துரை இதுவே. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் மாணவருக்கோ, ஓப்பன்-தமிழ் போன்ற தமிழ் உரைக் கருவிகளைச் சோதித்துப் பார்க்க விரும்புபவருக்கோ இதற்கு மேல் எதுவும் தேவைப்படுவதில்லை. தவிர, மற்ற எல்லாக் கருவிகளும் அடியில் செய்வது என்ன என்பது, இதைக் கையால் ஒருமுறை செய்தவருக்கே விளங்கும்.

## யுவி

ஆஸ்ட்ரல் நிறுவனம் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட இக்கருவி ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. பிப், வென்வ், பிப்எக்ஸ், பைஎன்வ் ஆகிய நான்கும் செய்யும் வேலைகளை ஒரே கட்டளைக்குள் கொண்டுவந்துவிட்டது. வேகம் உண்மையானதே, ஆனால் இதைத் தேர்ந்தெடுக்க வேகத்தைவிட முக்கியமான காரணம், பைத்தான் பதிப்பையே இது கொண்டுவரும் என்பதுதான். திட்டத்துக்கு 3.11 வேண்டும் என்று சொன்னால், முன்கூட்டியே கட்டப்பட்ட 3.11-ஐ உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் இறக்கிக்கொள்ளும். சூடோ வேண்டாம், கம்பைலர் வேண்டாம், இயங்குதளத்தின் பைத்தானைத் தொடவும் தொடாது. உபுண்டுவை மேம்படுத்தினாலும் இந்தப் பைத்தான் அப்படியே இருப்பதால், இதன்மேல் கட்டிய சூழல்களும் உடைவதில்லை.

மீள உருவாக்கும் வசதியிலும் இது முன்னே நிற்கிறது. எல்லாப் பொதிகளின் துல்லியமான பதிப்புகளையும் ஒரு பூட்டுக் கோப்பில் தானே எழுதி வைக்கிறது. நண்பர் அந்தக் கோப்பை வைத்து அதே சூழலைப் பெறலாம். இறக்கிய பொதிகளை ஒரு பொதுச் சேமிப்பில் வைத்து, சூழல்களுக்குள் வன்தொடுப்புகளாக (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயராக) மட்டும் இணைப்பதால், பத்துச் சூழல்கள் இருந்தாலும் வட்டில் ஒரு நகலே இருக்கும். சேமிப்பும் திட்டமும் வெவ்வேறு வட்டுப் பகிர்வுகளில் இருந்தால் மட்டும் இந்தச் சிக்கனம் கிடைக்காது. அப்போது ஓர் எச்சரிக்கையுடன் நகலெடுக்கத் தொடங்கிவிடும்.

இனி, இதில் நான் அதிகம் பார்த்த பொறி. யுவி உருவாக்கும் சூழலுக்குள் பிப் இயல்பாக இருக்காது. பழைய பழக்கத்தில் ஒருவர் சூழலை இயக்கிவிட்டு வெறுமனே பிப் என்று தட்டச்சு செய்தால், சூழலில் பிப் இல்லாததால் இயங்குதளத்தின் பிப் ஓடும். தப்பிக்க நினைத்த அதே ‘எக்ஸ்டெர்னலி மேனேஜ்ட்’ செய்தி, சூழலுக்குள்ளேயே நின்று வரவேற்கும். யுவியின் வழியாகவே நிறுவ வேண்டும், அல்லது உருவாக்கும்போதே ‘சீட்’ விருப்பத்தைக் கொடுத்து பிப்பையும் உள்ளே வைக்க வேண்டும்.

ப்ராக்ஸி இன்னொன்று. பிப் 24.2 முதல், பைத்தான் 3.10-இலும் அதற்கு மேலும், இயங்குதளத்தின் சான்றிதழ்களையே இயல்பாகப் பார்க்கிறது. யுவியோ தன்னுடன் கொண்டுவரும் சான்றிதழ்ப் பட்டியலை நம்பி வளர்ந்த கருவி. ஆகவே அலுவலக வலையமைப்பில் பிப் வேலை செய்து யுவி மறுக்கும் நிலை ஏற்படலாம். இயங்குதளச் சான்றிதழ்களைப் பார்க்கும்படி அமைப்பில் சொன்னால் சரியாகிவிடும். கட்டுவதற்கு சி லைப்ரரி தேவைப்படும் பொதிகளில் வென்வுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை: இரண்டும் ஒரே களஞ்சியத்திலிருந்து ஒரே வீல்களைத்தான் எடுக்கின்றன.

ஒரே கணினியில் பல திட்டங்களும் பல பைத்தான் பதிப்புகளும் வைத்திருப்பவருக்கு, அல்லது குழுவாக வேலை செய்பவருக்கு, நான் தயங்காமல் யுவியைச் சொல்வேன். முதல் வாரத்தில் இருக்கும் மாணவருக்குச் சொல்ல மாட்டேன். அவர் கையில் இருக்கும் பாடங்கள் எல்லாம் பிப்பை வைத்தே எழுதப்பட்டவை, இரண்டையும் கலந்து மேலே சொன்ன பொறியில்தான் விழுவார்.

## காண்டா

மற்றவை பைத்தான் பொதிகளை மட்டும் கையாள, காண்டா எந்த மொழியின் நிரலையும் பொதியாக்கும். அதன் சூழலுக்குள் பைத்தானும் ஒரு பொதி. அதற்கு அருகிலேயே சி லைப்ரரிகள், ஆர் மொழி, கூடா, கம்பைலர் ஆகியவையும் பொதிகளாக அமரும். மூன்றாவது அளவுகோலில் இதற்கு இணையில்லை. புவியியல் தரவுகளுக்கான ஜிடால் நல்ல எடுத்துக்காட்டு: பிப் களஞ்சியத்தில் அதன் மூலநிரல் மட்டுமே இருக்கிறது, கணினியில் உள்ள ஜிடால் லைப்ரரியின் பதிப்பும் பைத்தான் பொதியின் பதிப்பும் பொருந்தாவிட்டால் கட்டுமானம் நின்றுவிடும். காண்டா-ஃபோர்ஜ் களஞ்சியத்திலிருந்து நிறுவினால் இரண்டும் பொருந்தியே வருகின்றன. நிலவரைபடம், உயிரியல் தகவலியல், வானிலைத் தரவு ஆகிய துறைகளில் இருப்பவர்கள் காண்டாவை விட்டு நகராததற்கு இதுவே காரணம்.

செலவுகளும் சிறியவை அல்ல. முதலாவது, உரிமம். அனகோண்டா நிறுவனத்தின் சொந்தக் களஞ்சியத்துக்கு 2020-இல் புதிய விதிமுறைகள் வந்தன. 200 பேருக்கு மேல் பணிபுரியும் அமைப்புகள் கட்டணம் செலுத்த வேண்டும். கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கான விதிகள் அதன்பின்னும் திருத்தப்பட்டிருப்பதால், நிறுவனக் கணினியில் நிறுவுமுன் நடப்பு விதியைப் படித்தாக வேண்டும். காண்டா என்ற கருவி கட்டற்றது. காண்டா-ஃபோர்ஜ் களஞ்சியமும் சமூகம் நடத்துவது. ஆகவே மினிஃபோர்ஜ் என்ற நிறுவியைப் பயன்படுத்தினால், அது காண்டா-ஃபோர்ஜையே இயல்பாகக் கொள்வதால், இந்தக் கேள்வி எழுவதில்லை. புதிதாகத் தொடங்குபவர் அனகோண்டாவின் பெரிய நிறுவியைத் தேடிப் போக எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, நிறுவும்போது சம்மதித்துவிட்டால், முனையம் திறக்கும் ஒவ்வொரு முறையும் ‘பேஸ்’ என்ற தன் அடிப்படைச் சூழலைத் தானே இயக்கிக்கொள்வது. அதன்பின் பைத்தான்3 என்றால் எது என்ற தெளிவு போய்விடும். தானாக இயங்குவதை அணைத்துவிட்டு, அடிப்படைச் சூழலில் எதையும் நிறுவாமல், ஒவ்வொரு திட்டத்துக்கும் தனிச் சூழல் வைப்பதே ஒழுங்கு.

மூன்றாவது, பிப்புடன் கலப்பது. காண்டாவில் இல்லாத ஒரு பொதியை அதே சூழலில் பிப் கொண்டு நிறுவலாம். ஆனால் அதன்பின் மீண்டும் காண்டாவால் எதையேனும் மாற்றினால், பிப் வைத்ததைப் பற்றி அறியாமல் மேலெழுதிவிடக்கூடும். எல்லாக் காண்டா பொதிகளையும் முதலில் முடித்துவிட்டு, பிப்பைக் கடைசியாக வைக்க வேண்டும். இன்னும் நுட்பமான ஒன்று: வென்வ் சூழல்கள் வீட்டுக் கோப்புறையில் கிடக்கும் ‘யூசர்’ நிறுவல்களைப் பார்ப்பதில்லை, காண்டா சூழல்கள் பார்க்கின்றன. பைத்தான் பதிப்பு எண் ஒத்துப்போனால், மூன்று ஆண்டுகளுக்கு முன் நிறுவி மறந்த பழைய பொதி புதுச் சூழலுக்குள் நுழைந்து நிற்கும்.

எந்தப் பதிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் என்று தீர்வு காண காண்டாவுக்கு மிகவும் நேரமாகும் என்ற பழைய குற்றச்சாட்டு மட்டும் இப்போது பொருந்தாது. 2023-இல் வந்த 23.10 முதல் லிப்மாம்பா என்னும் வேகமான தீர்வி இயல்பாகிவிட்டது.

## பைஎன்வ், டெட்ஸ்நேக்ஸ், பிப்எக்ஸ்

பைஎன்வ், கேட்ட பைத்தான் பதிப்பை மூலநிரலிலிருந்து உங்கள் கணினியிலேயே தொகுத்துத் தருகிறது. தேவையான மேம்பாட்டுப் பொதிகளில் சில இல்லாவிட்டாலும் தொகுப்பு பாதி வழியில் ஒப்பேறிவிடும். பிறகு ‘சிடைப்ஸ்’ இல்லை, ‘எஸ்கியூலைட்3’ இல்லை என்று பைத்தானே ஊனமாக நிற்கும். சொந்தமாகத் தொகுக்க வேண்டிய தேவை உள்ளவர்க்கு மட்டும் இது. மற்றவர்க்கு யுவி அந்த இடத்தை நிரப்பிவிட்டது. டெட்ஸ்நேக்ஸ் களஞ்சியம் உபுண்டுவுக்கு மட்டுமானது, டெபியனுக்கு அல்ல. வேறு பைத்தான் பதிப்புகளை ஆப்ட் வழியாகவே தரும், ஆயினும் பாதுகாப்புத் திருத்தங்கள் உரிய காலத்தில் வரும் என்ற உறுதியை அதை நடத்துபவர்களே தருவதில்லை. பிப்எக்ஸ், லைப்ரரிகளுக்கு அல்ல. பைத்தானில் எழுதப்பட்ட ஒரு கட்டளைக் கருவியை, எடுத்துக்காட்டாக ஒரு நிரல் திருத்தியை, கணினி முழுதும் பயன்படுமாறு நிறுவ மட்டுமே.

## தடையை உடைக்கும் விருப்பம்

‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்ற பெயரே அதன் விளைவைச் சொல்லிவிடுகிறது. இதை நியாயமாகப் பயன்படுத்தத்தக்க ஓர் இடம் உண்டு: டெபியன் அடிப்படையில் கட்டப்பட்டு, ஒரே ஒரு நிரலை மட்டும் ஓட்டி, பழுதானால் தூக்கி எறியப்படும் டாக்கர் கொள்கலன் (கணினிக்குள் தனித்து ஓடும் அடைப்புச் சூழல்). அங்கும், பைத்தானின் அதிகாரபூர்வ டாக்கர் படிமங்களை (கொள்கலனை உருவாக்கும் அச்சுகளை) எடுத்துக்கொண்டால் அவற்றில் தடைக் கோப்பே கிடையாது என்பதால் இந்த விருப்பம் தேவைப்படாது. ஆல்பைன் என்ற லினக்ஸ் வகையின் படிமம் சிறியது என்று மயங்குபவர் ஒன்றை அறிய வேண்டும்: அதன் அடிப்படை லைப்ரரி வேறு என்பதால், மெனிலினக்ஸ் வீல்கள் அங்கே செல்லா; தனி வீல் இல்லாத பொதிகளை எல்லாம் தொகுக்க நேர்ந்து, மிச்சம் பிடித்த அளவைவிட நேரம் அதிகமாகப் போகும்.

## பழைய முயற்சிகளின் மிச்சம்

எதைத் தேர்ந்தாலும், இதற்கு முன் செய்து பார்த்தவை கணினியில் கிடந்தால் தேர்வு பலன் தராது. புதிய சூழலைக் கட்டுமுன் மூன்றைப் பார்த்துவிடுங்கள். பைத்தான்3 என்ற கட்டளை எங்கிருந்து ஓடுகிறது என்று ‘விச்’ கட்டளையால் கேளுங்கள்; இயங்குதளக் கோப்புறைக்குப் பதிலாக காண்டாவோ பைஎன்வோ தெரிந்தால், முனையத்தின் தொடக்கக் கோப்பில் அவை எழுதிய வரிகள் இன்னும் இருக்கின்றன. அடுத்து, வீட்டுக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் ‘லோக்கல்’ கோப்புறையில் பழைய ‘யூசர்’ நிறுவல்கள் உள்ளனவா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பதிப்பின் பொதிக் கோப்புறையின் பெயரை மட்டும் மாற்றி வைத்து, ஒரு வாரம் எதுவும் முறையிடவில்லை என்றால் அழித்துவிடலாம். கடைசியாக, முன்பு சூடோவுடன் பிப் ஓட்டியிருந்தால் ‘யூஎஸ்ஆர் லோக்கல்’ பகுதியில் ‘டிஸ்ட்-பேக்கேஜஸ்’ என்ற கோப்புறை நிறைந்திருக்கும். அங்குள்ளவை ஆப்ட் வைத்தவை அல்ல என்பதால் அவற்றை நீக்கலாம், ஆனால் ‘யூஎஸ்ஆர் லிப்’ பகுதியில் அதே பெயரில் இருக்கும் கோப்புறையைத் தொடவே கூடாது. பெயர் ஒன்று, உரிமையாளர் வேறு.